மலேரியாவைக் கண்டறியும் ரத்தப் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சலோடு வந்தவருக்கு மலேரியாவா என்று பார்க்க இன்று மிகப் பரவலாகச் செய்யப்படுவது, ரத்தத்தில் ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் கார்டு டெஸ்ட். அதைச் செய்பவர்களுக்கும், முடிவைக் கையில் வாங்குபவர்களுக்கும், அதற்கு மேல் என்ன டெஸ்ட் எழுதலாம் என்று யோசிப்பவர்களுக்கும் எழும் கேள்விகள் இங்கே உள்ளன. ஒரு புரதத்தால் சொல்லவே முடியாத ஒன்றை அதனிடம் எதிர்பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஒட்டுண்ணி இருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா, இப்போதைய நோய்க்கு அதுதான் காரணமா, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்ற நான்கும் தனித்தனிக் கேள்விகள்.

ரத்தத்தில் எந்தெந்தப் புரதங்களைத் தேடுகிறோம்?

முதலில் ஒட்டுண்ணியின் புரதங்கள். எச்.ஆர்.பி.2 என்பது, மனிதரைத் தாக்கும் மலேரியா இனங்களில் ஒன்றான ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி மட்டுமே உண்டாக்கும் புரதம். பி.எல்.டி.எச். ஒட்டுண்ணி சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்கப் பயன்படுத்தும் நொதி. மனிதரைத் தாக்கும் எல்லா மலேரியா இனங்களிலும் இது உண்டு. ஆனால் இனத்துக்கு இனம் வடிவம் சற்று மாறும் என்பதால், ஃபால்சிபாரத்துக்கு மட்டும், இன்னொரு இனமான வைவாக்ஸுக்கு மட்டும், அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவாக என்று ஆன்டிபாடிகளைத் (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை) தேர்ந்தெடுத்துக் கார்டு செய்ய முடிகிறது. மூன்றாவது ஆல்டோலேஸ். இதுவும் எல்லா இனங்களுக்கும் பொதுவானதுதான், ஆனால் கண்டறியும் திறன் குறைவு.

அடுத்து நம் உடலே வெளியிடுபவை: அழற்சியில் ஏறும் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின், ஆஞ்சியோபாய்ட்டின்-2, எஸ்.டிரெம்-1, ஹாப்டோகுளோபின் முதலியன. இவற்றில் ஒன்றுகூட "இது மலேரியா" என்று சொல்லாது. நோய் உடலை எவ்வளவு தூரம் பாதித்திருக்கிறது என்று சொல்வதே இவற்றின் வேலை.

கடைசியாக, ஒட்டுண்ணிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள். இவை பழைய தொற்றின் பதிவு. இன்றைய காய்ச்சலுக்கு இவற்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் எல்.டி.எச். அதிகம் என்று இருக்கிறது. அது மலேரியாவைத்தானே காட்டுகிறது?

இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது நம் அணுக்களுக்குள் இருக்கும் நொதியான மனித எல்.டி.எச். சிவப்பணு உடைந்தாலும், கல்லீரலோ தசையோ பாதிக்கப்பட்டாலும் அது ஏறும். ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்தால்கூட ஏறிவிடும். பி.எல்.டி.எச். ஒட்டுண்ணிக்கே உரிய வேறொரு புரதம். கார்டில் உள்ள ஆன்டிபாடி அதை மட்டுமே பிடிக்கும்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது?

கிட்டோடு வரும் கரைசலான பஃபர், சிவப்பணுக்களை உடைத்து உள்ளே இருக்கும் புரதங்களை வெளியே கொண்டுவருகிறது. அந்தத் திரவம் நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஊறிச் செல்லும் வழியில், தங்க நுண்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகளைச் சுமந்துகொண்டு போகிறது. ரத்தத்தில் ஒட்டுண்ணிப் புரதம் இருந்தால் அது தங்கத்துகள் ஆன்டிபாடியோடு சேரும். பிறகு 'டி' (டெஸ்ட்) கோட்டில் பதித்து வைத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடியில் சிக்கி நிற்கும். துகள்கள் சேரச் சேரக் கோடு சிவப்பாகத் தெரியும். 'சி' (கன்ட்ரோல்) கோடு, திரவம் பட்டையின் முனை வரை ஒழுங்காக ஓடியது, தங்கத்துகள் ஆன்டிபாடி கெடாமல் இருந்தது என்ற இரண்டை மட்டுமே உறுதி செய்யும். போட்ட ரத்தம் போதுமா என்பதை அது சொல்லாது. ரத்தமே போடாமல் பஃபர் மட்டும் விட்டாலும் 'சி' கோடு வரும்.

எச்.ஆர்.பி.2 கோடு மற்றவற்றைவிடப் பளிச்சென்று விழக் காரணம் அதன் அமைப்பு. ஹிஸ்டிடினும் அலனினும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் புரதம் அது. ஒரே மூலக்கூறில் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் பல முறை இருக்கிறது. குறைந்த அளவிலேயே கோடு தெரிவது அதனால்தான்.

டெஸ்ட்டைச் சரியாகச் செய்வது எப்படி? எங்கே தவறு நடக்கிறது?

பொதி அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். முதலில் காலாவதித் தேதி, அடுத்து உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் பை. நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்து அது மாறியிருந்தால் ஈரம் நுழைந்துவிட்டது, அந்தக் கார்டு வேண்டாம். பிரித்த கார்டை உடனே பயன்படுத்துங்கள். "காலையில் பத்து கார்டைப் பிரித்து வரிசையாக வைத்துக்கொள்ளலாம்" என்ற பழக்கம் கெடுதல். ஈரக்காற்றில் பட்டையும் அதிலுள்ள ஆன்டிபாடியும் கெட்டுப்போகும்.

விரலின் பக்கவாட்டில், ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் துளியாகத் திரளாமல் பரவிவிடும். விரலை அழுத்திப் பிழியக் கூடாது, திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். பெரும்பாலான கார்டுகளுக்குத் தேவை 5 மைக்ரோலிட்டர்தான். அது கண்ணுக்கு மிகச் சிறிய அளவு, அதனால்தான் கிட்டோடு வரும் சிறு குழாயையோ வளையத்தையோ பயன்படுத்தச் சொல்கிறார்கள். விரலை நேராகக் கார்டில் வைத்து ரத்தத்தைத் தொட்டால் அளவு கூடிவிடும், பட்டை முழுதும் சிவந்து மங்கலான கோடு அதில் மறைந்துவிடும்.

ரத்தம் ஒரு குழியில், பஃபர் இன்னொரு குழியில். இடம் மாறினால் டெஸ்ட் வீண். பஃபர் பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவில் விழும், சாய்த்தால் சிறுக்கும். எத்தனை சொட்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, உள்ளிருக்கும் தாளில் போட்டிருப்பதே கணக்கு. ஒரு கிட்டின் பஃபரை இன்னொரு கிட்டுக்கு விடுவது, தீர்ந்துபோனால் தண்ணீரோ சலைனோ விடுவது இரண்டும் இல்லாத கோட்டை வரவழைக்கும்.

கார்டைச் சமதளத்தில் வைத்து, தாளில் சொன்ன நேரத்தில் படியுங்கள். பொதுவாக 15 அல்லது 20 நிமிடம். 5 நிமிடத்தில் "நெகட்டிவ்" என்று எழுதினால் மெதுவாக எழும் கோடு தவறிப்போகும். 30 நிமிடம் தாண்டினால் திரவம் காய்ந்து பின்வாங்கிப் பொய்க்கோடு தெரியலாம். நேரத்தைக் கார்டின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். கூட்டம் அதிகமான இடத்தில் இந்தச் சிறு பழக்கம் பல தவறுகளைத் தடுக்கும்.

மங்கலான கோட்டை எப்படி எடுத்துக்கொள்வது?

பாசிட்டிவ் என்று. குறித்த நேரத்துக்குள், கோடு விழ வேண்டிய இடத்தில், நிறத்தோடு விழுந்த எந்தக் கோடும் பாசிட்டிவ்தான். நோயின் கடுமையைக் கோட்டின் அடர்த்தியை வைத்து எடைபோட வேண்டாம்.

கோடுகளின் கூட்டு என்ன சொல்கிறது?

'சி' இல்லையென்றால், வேறு எந்தக் கோடு வந்திருந்தாலும் டெஸ்ட் செல்லாது. புதுக் கார்டில் திரும்பச் செய்ய வேண்டும்.

எச்.ஆர்.பி.2-உம் பொது பி.எல்.டி.எச்.-உம் உள்ள கார்டில், எச்.ஆர்.பி.2 மட்டும் தெரிந்தால் இரண்டு சாத்தியங்கள்: குறைந்த அளவில் ஃபால்சிபாரம் இருக்கலாம், அல்லது சமீபத்தில் சிகிச்சை முடிந்த ஃபால்சிபாரத்தின் மிச்சமாக இருக்கலாம். இரண்டு கோடும் தெரிந்தால் ஃபால்சிபாரம் இருக்கிறது. அதோடு வைவாக்ஸும் சேர்ந்திருக்கிறதா என்பதை இந்தக் கார்டால் பிரித்துச் சொல்ல முடியாது. பொதுக் கோடு மட்டும் தெரிந்தால் வைவாக்ஸ், ஓவலே, மலேரியே, நோலெசி இவற்றில் ஒன்று. எச்.ஆர்.பி.2 மரபணுவை இழந்த ஃபால்சிபாரமும் இதே தோற்றத்தைத் தரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மருந்து முழுதாகச் சாப்பிட்டாயிற்று, காய்ச்சலும் இல்லை. இரண்டு வாரம் கழித்தும் பாசிட்டிவ் வருகிறதே, மருந்து வேலை செய்யவில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. எச்.ஆர்.பி.2 ஒட்டுண்ணி விட்டுச்செல்லும் புரதம். ஒட்டுண்ணிகள் செத்த பிறகும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் அரை ஆயுள் சுமார் மூன்று நான்கு நாள். ஆரம்பத்தில் ஒட்டுண்ணி அதிகம் இருந்தவருக்கு ஒரு மாதம் தாண்டியும் கோடு விழலாம். அதனால் மருந்து பலித்ததா என்று பார்க்க எச்.ஆர்.பி.2 கார்டு உதவாது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பயந்து, தேவையில்லாமல் இரண்டாவது சுற்று மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

பி.எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணி உண்டாக்கும் நொதி என்பதால் சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் மறைந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பரவலுக்குக் காரணமான கேமிட்டோசைட் வடிவங்கள் ரத்தத்தில் மிஞ்சியிருந்தால், நோயை உண்டாக்கும் வடிவங்கள் அழிந்த பிறகும் பி.எல்.டி.எச். தெரியலாம்.

சிகிச்சையைப் பின்தொடர, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர்தான் சரி. ஒட்டுண்ணியை நேரில் பார்க்கலாம், எண்ணலாம், எந்த வடிவம் என்று சொல்லலாம். மருந்துக்குப் பின் மூன்றாம் நாளும் எண்ணிக்கை சரியாக இறங்கவில்லை, அல்லது நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் திரும்புகிறது என்றால் ஸ்மியர் கட்டாயம்.

கார்டு நெகட்டிவ், ஆனால் அறிகுறிகள் அப்படியே இருக்கின்றன. மலேரியா இல்லை என்று விட்டுவிடலாமா?

கூடாது. காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதல் காரணம் ஒட்டுண்ணி குறைவாக இருப்பது. நல்ல கார்டுகள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100 முதல் 200 ஒட்டுண்ணி இருந்தால் கண்டுபிடிக்கும். கார்டுகளைத் தேர்வு செய்ய உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் சோதனையும் 200 ஒட்டுண்ணி என்ற அளவில்தான் நடக்கிறது. முன்பு மலேரியா வந்திராதவருக்கு அதற்குக் குறைவான எண்ணிக்கையிலேயே காய்ச்சல் வந்துவிடும். ஆகவே 12 முதல் 24 மணி நேர இடைவெளியில், மொத்தம் மூன்று முறையாவது டெஸ்ட்டும் ஸ்மியரும் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, இனம். வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களுக்குள் மட்டுமே நுழையும், அதனால் அதன் எண்ணிக்கை ஓரளவுக்கு மேல் ஏறாது. ஓவலே, மலேரியே இரண்டிலும் கார்டு இன்னும் பலவீனம். நோலெசிக்குக் கார்டை நம்பவே வேண்டாம்.

மூன்றாவது நேர்மாறானது. ஒட்டுண்ணி மிக அதிகமாக இருந்தாலும் எச்.ஆர்.பி.2 கோடு மங்கலாம், சில சமயம் மறையவும் செய்யலாம். இதற்குப் புரோசோன் விளைவு என்று பெயர். புரதம் அளவுக்கு மிஞ்சிக் குவியும்போது, தங்கத்துகள் ஆன்டிபாடியும் கோட்டில் உள்ள ஆன்டிபாடியும் தனித்தனியே நிரம்பிவிடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பாலம் உண்டாவதில்லை. நோயாளி மிகவும் சோர்ந்து, மஞ்சள் பூத்து இருக்க, கார்டு மட்டும் நெகட்டிவ் என்றால் இதை நினையுங்கள். ரத்தத்தைச் சலைனில் பத்து மடங்கும் ஐம்பது மடங்கும் நீர்த்து மறுபடி போட்டால் கோடு எழுந்துவிடும். கையோடு ஸ்மியர் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

நான்காவது, கார்டு கெட்டிருப்பது. பெரும்பாலான கிட்களுக்கு வரம்பு 30 டிகிரி செல்சியஸ், சிலவற்றுக்கு 40. கொண்டுவரும் வழியில் வெயிலில் நின்ற வண்டிக்குள் அது எளிதில் தாண்டிவிடும். ஃபிரீசரில் வைப்பதும் கெடுதல்தான். 'சி' கோடு ஒழுங்காக வந்தாலும் 'டி' கோட்டு ஆன்டிபாடி செத்திருக்கலாம். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கார்டில் ஸ்மியர் பாசிட்டிவ் ஆட்கள் தொடர்ந்து நெகட்டிவ் ஆனால் அந்த லாட்டையே நிறுத்திவையுங்கள்.

ஐந்தாவது மரபணு இழப்பு. அதற்குத் தனிக் கேள்வி தேவை.

எச்.ஆர்.பி.2 இல்லாத ஃபால்சிபாரம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. எச்.ஆர்.பி.2-க்கான மரபணு 8-ஆம் குரோமோசோமின் முனைப் பக்கம் உள்ளது. அதற்கு உறவான எச்.ஆர்.பி.3 மரபணு 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. இரண்டையும் இழந்தும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்கிறது. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இப்படிப்பட்ட ஒட்டுண்ணிகள் பரவியிருப்பது 2010-ல் வெளியானது. பிறகு எரித்ரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி உள்ளிட்ட ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதி நாடுகளில் பெரும் சிக்கலாக ஆனது. எச்.ஆர்.பி.2 கார்டை மட்டுமே நம்பி மருந்து கொடுக்கும் இடத்தில் இந்த ஒட்டுண்ணி மட்டும் தப்பித்துத் தப்பித்துப் பெருகும். டெஸ்ட்டே அதற்குச் சாதகமாகிவிடுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

எச்.ஆர்.பி.2 மட்டும் போய், எச்.ஆர்.பி.3 மிஞ்சியிருந்தால், இரண்டின் அமைப்பும் ஒத்திருப்பதால் ஒட்டுண்ணி அதிகமாக உள்ளபோது கோடு தெரியலாம், குறைந்தால் தெரியாது.

ஒரு பகுதியில் அறிகுறிகளோடு வரும் ஃபால்சிபாரம் நோயாளிகளில் 5 சதவீதத்துக்கு மேல் இந்த மரபணு இழப்பால் தவறவிடப்பட்டால், எச்.ஆர்.பி.2-ஐ மட்டும் சாராத கார்டுக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தனி நோயாளியைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது எளிது: ஸ்மியரில் ஃபால்சிபாரம் தெரிந்து, வேறு லாட் கார்டிலும் எச்.ஆர்.பி.2 வரவில்லை, நீர்த்துப் பார்த்தும் வரவில்லை என்றால், ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிகிச்சையை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

மலேரியா இல்லாமலே பாசிட்டிவ் வருமா?

வரும். பழைய தொற்றின் எச்.ஆர்.பி.2 தவிர, முடக்குவாதக் காரணியான ருமட்டாய்டு ஃபேக்டர் ரத்தத்தில் இருந்தால் அது இரண்டு ஆன்டிபாடிகளையும் தானே இணைத்துப் பொய்க்கோடு உண்டாக்கும்.

இதோடு ஒரு கணக்கையும் மனதில் வைக்க வேண்டும். நோயுள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடித்து, நோயில்லாதவரில் 95 சதவீதத்தைச் சரியாக நெகட்டிவ் காட்டும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 500 பேருக்கு மலேரியா உள்ள இடத்தில், 450 பேர் சரியாகப் பாசிட்டிவ், 25 பேர் தவறாகப் பாசிட்டிவ். பாசிட்டிவை நம்பலாம். அதே கார்டை, 1000 பேரில் 20 பேருக்கு மட்டுமே மலேரியா உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால், 18 பேர் சரி, 49 பேர் தவறு. நான்கு பாசிட்டிவில் ஏறக்குறைய மூன்று பொய். கார்டு மாறவில்லை, அதைப் பயன்படுத்தும் இடம்தான் மாறியது. மலேரியா அருகிவரும் பகுதிகளில் ஒவ்வொரு பாசிட்டிவையும் ஸ்மியரால் உறுதி செய்யச் சொல்வது இதனால்தான்.

கார்டு இருக்கும்போது மைக்ரோஸ்கோப் எதற்கு?

எண்ணிக்கைக்கு. தடித்த ஸ்மியரில் 200 வெள்ளையணு எண்ணும்போது கண்ணில்படும் ஒட்டுண்ணிகளை 40-ஆல் பெருக்கினால், ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று கிடைக்கும். வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 8000 என்று வைத்துச் செய்யும் கணக்கு இது. 150 ஒட்டுண்ணி கண்டால் 6000. ஸ்மியருக்குப் போடும் கீம்சா சாயம் 3 சதவீதமானால் 30 முதல் 45 நிமிடம், 10 சதவீதமானால் சுமார் 10 நிமிடம், கரைக்கும் நீரின் பி.எச். 7.2. நெகட்டிவ் என்று எழுதும் முன் 100 புலங்களாவது (மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்திருக்க வேண்டும். இன்னும் குறைந்த அளவைப் பிடிக்க வேண்டுமானால் பி.சி.ஆர்., லேம்ப் போன்ற மரபணுச் சோதனைகள் உண்டு, அவற்றில் புரதத்துக்கு வேலை இல்லை.

ஸ்மியரில் ஒட்டுண்ணி கொஞ்சம்தான், ஆனால் நோயாளி மிக மோசமாக இருக்கிறார். எப்படி?

ஃபால்சிபாரம் தன் 48 மணி நேரச் சுழற்சியின் முதல் பாதியில்தான் ரத்தத்தோடு ஓடும். முற்றிய பிறகு, அது குடியிருக்கும் சிவப்பணு நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளை, குடல், தசை என்று உள்ளுறுப்புகளில் ஒளிந்திருக்கும் அந்தக் கூட்டத்தை விரல்நுனி ரத்தம் காட்டாது. ஸ்மியரில் நாம் எண்ணுவது சுற்றில் இருப்பவற்றை மட்டுமே.

இங்கேதான் எச்.ஆர்.பி.2-ஐ அளவாக அளப்பதற்கு மதிப்பு. முற்றிய ஒட்டுண்ணி சிவப்பணுவைப் பிளக்கும்போது இந்தப் புரதம் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கொட்டுகிறது. எந்த உறுப்பில் பிளந்தாலும் அது பொது ரத்தத்தில் வந்து கலக்கும். ஆகவே பிளாஸ்மாவில் உள்ள எச்.ஆர்.பி.2-இன் அளவு, உடலில் உள்ள மொத்த ஒட்டுண்ணிச் சுமையை ஸ்மியரைவிட நன்றாகக் காட்டும். இதற்குக் கார்டு போதாது, பிளாஸ்மாவைப் பிரித்து, ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தின் அளவைச் சொல்லும் எலைசா என்ற ஆய்வக முறையில் அளக்க வேண்டும்.

மலேரியா அதிகம் பரவியுள்ள இடத்தில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. அங்கே பல குழந்தைகளின் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் ஒட்டுண்ணி இருக்கும். நிமோனியாவாலோ ரத்தத்தில் பாக்டீரியா கலந்ததாலோ மோசமாகிவரும் குழந்தைக்கும் கார்டு பாசிட்டிவ் காட்டும், உண்மையான காரணம் கவனிக்கப்படாமல் போகும். பிளாஸ்மா எச்.ஆர்.பி.2 மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமைத் தாண்டி, தட்டணுக்களும் (பிளேட்லெட்) மைக்ரோலிட்டருக்கு 1,50,000 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அந்தக் கடும் நிலைக்கு மலேரியாவே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு. இரண்டும் பொருந்தாவிட்டால் வேறு காரணத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். எலைசா இல்லாத இடத்தில் தட்டணு எண்ணிக்கையாவது பார்க்கலாம்: கடும் மலேரியா என்று சொல்லப்படும் குழந்தைக்குத் தட்டணு முழு அளவில் இருந்தால் அது ஒரு எச்சரிக்கை.

மூளை மலேரியாவில் புரதங்கள் என்ன சொல்கின்றன?

மலாவியில் மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடற்கூறாய்வு 2004-ல் வெளியானது. அவர்களில் 7 பேருக்கு மரணத்தின் காரணம் வேறு. ஒட்டுண்ணி இருக்கிறது, நினைவில்லை என்ற இரண்டை மட்டும் வைத்துச் சொல்வதன் ஆபத்து இதில் தெரிகிறது. விழித்திரையில் மலேரியாவுக்கே உரிய மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதும், பிளாஸ்மா எச்.ஆர்.பி.2-ஐ அளப்பதும் சேர்ந்து இந்தப் பிழையைக் குறைக்கின்றன.

நைஜீரியாவின் இபாதான் நகரக் குழந்தைகளின் பிளாஸ்மாவில் நூற்றுக்கணக்கான புரதங்களை ஒரே சமயத்தில் தேடிய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. மூளை மலேரியா உள்ள குழந்தைகளிடம் கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-3, கிரியேட்டின் கைனேஸ், மயோகுளோபின் போன்ற தசைப் புரதங்கள் கூடியிருந்தன. தசையின் நுண்குழாய்களிலும் ஒட்டுண்ணி அடைப்பதால் தசை சேதமாகிறது என்பதற்கு இது சான்று. அன்றாட சிகிச்சையில் இன்னும் இது டெஸ்ட்டாக வரவில்லை. ஆனால் சிறுநீர் கருத்து, உடல்வலி கடுமையாக இருந்தால் கிரியேட்டின் கைனேஸ் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் இரண்டையும் பார்த்தால் பாக்டீரியாவா மலேரியாவா என்று தெரிந்துவிடாதா?

தெரியாது. இரண்டுமே மலேரியாவில் ஏறும், ஃபால்சிபாரத்தில் நன்றாகவே ஏறும். புரோகால்சிட்டோனின் கூடியதும் "செப்சிஸ்" என்று ஆன்டிபயாடிக்கில் நின்றுவிடாதீர்கள், மலேரியாவுக்கும் ரத்தம் அனுப்புங்கள். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். மருந்து பலித்தால் நாளுக்கு நாள் இறங்குவதைப் பார்க்கலாம். இறங்காமல் நின்றால் கூடவே வேறு தொற்று இருக்கிறதா என்று தேடலாம். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆஞ்சியோபாய்ட்டின்-2, எஸ்.டிரெம்-1 பற்றிப் படித்தேன். எதற்கு?

நிலை மோசமாகப் போகிறவரை முன்கூட்டியே அடையாளம் காண. ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்கள் ஆஞ்சியோபாய்ட்டின்-2-ஐச் சேமித்து வைத்திருந்து, தூண்டப்படும்போது வெளியே தள்ளுகின்றன. அது கூடினால் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ஆஞ்சியோபாய்ட்டின்-1 சுவரைக் காக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்குவது கடும் மலேரியாவின் அடையாளம். எஸ்.டிரெம்-1 வெள்ளையணுக்கள் தூண்டப்பட்டதைக் காட்டும், மலேரியா மட்டுமல்லாமல் மற்றக் காய்ச்சல்களிலும் உயிராபத்தைச் சுட்டும்.

நோயாளியின் அருகில் இவை கிடைக்காத இடத்தில் லாக்டேட் இருக்கிறது. அது புரதம் இல்லை, ஆக்சிஜன் போதாதபோது அணுக்கள் விடும் பொருள்; ஆனால் லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தொட்டால் கடும் மலேரியாவாக எடுக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை 40 மி.கி.க்குக் கீழ், கிரியேட்டினின் 3 மி.கி.க்கு மேல், பெரியவருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் (மூன்றும் டெசிலிட்டருக்கு), சுயநினைவு குறைதல், திரும்பத் திரும்ப வலிப்பு, இவற்றில் எது ஒன்று வந்தாலும் அப்படித்தான்.

இந்தப் புரதங்களுக்கு ரத்தம் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். உறைய விட்டுச் சீரமாக எடுத்தால், ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள ஆஞ்சியோபாய்ட்டின்-1-ஐக் கொட்டிவிடும், அளவு பொய்யாக ஏறும். பிளாஸ்மா எச்.ஆர்.பி.2-க்கு ஆபத்து வேறு: குழாயைக் குலுக்கிச் சிவப்பணு உடைந்தால் உள்ளிருக்கும் புரதமும் கலந்துவிடும். இளஞ்சிவப்பாக வந்த பிளாஸ்மாவை நிராகரித்துப் புதிதாக எடுங்கள். நாள் கணக்கில் வைப்பதானால் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள். ஒரே பங்கைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் சிதையும்.

ஹாப்டோகுளோபின் எப்போது பார்க்க வேண்டும்?

முக்கியமாக, கடும் மலேரியாவுக்கான ஊசி மருந்தான ஆர்ட்டிசுனேட்டால் பிழைத்தவருக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில். உடைந்த சிவப்பணுவிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்றுவது ஹாப்டோகுளோபின்தான். அணுக்கள் அதிகமாக உடைந்தால் அது தீர்ந்துபோகும்.

ஆர்ட்டிசுனேட் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. மண்ணீரல், செத்த ஒட்டுண்ணியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, சிவப்பணுவைத் திரும்ப ரத்தத்தில் விடுகிறது. அப்படித் தப்பிய அணுவின் ஆயுள் குறைவு. அவையெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் சாகும்போது ஹீமோகுளோபின் சட்டென்று விழும். அவற்றின் மேல் எச்.ஆர்.பி.2 ஒட்டியிருக்கிறது. ஒட்டுண்ணி மறைந்த பிறகு எடுத்த முழு ரத்தத்தை 500 மடங்கு நீர்த்தும் கார்டு பாசிட்டிவ் காட்டினால், இந்தத் தாமதச் சிதைவு வர வாய்ப்பு அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது. எப்படியானாலும் வாரம் ஒரு முறை, நான்கு வாரம் வரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். "நோய் போய்விட்டது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மூச்சிரைத்துத் திரும்பி வருவதை இது தடுக்கும்.

காய்ச்சலின்போது ஃபெரிட்டின் பார்த்து இரும்புச்சத்து போதும் என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். அழற்சி இருக்கும்போது, உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் தானாக ஏறும், குறைபாடு மறைந்துவிடும். மலேரியா தீர்ந்து சி.ஆர்.பி. இறங்கிய பிறகு பாருங்கள்.

கர்ப்பிணிக்கு?

ஃபால்சிபாரம் நஞ்சுக்கொடியில் தங்கிக்கொள்ளும். விரல்நுனி ஸ்மியர் சுத்தமாக இருக்க, உள்ளே தொற்று இருக்கலாம். எச்.ஆர்.பி.2 ரத்தத்தில் கரைந்து வருவதால் ஸ்மியர் தவறவிட்டதைக் கார்டு சில சமயம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கல்லீரலில் தூங்கும் வைவாக்ஸை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

நேரடியாக முடியாது. உறங்குநிலை வடிவம் ரத்தத்தில் பிடிக்கக்கூடிய அளவுக்கு எந்தப் புரதத்தையும் விடுவதில்லை. மறைமுக வழி ஒன்று உண்டு: வைவாக்ஸின் எட்டுப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்து அளந்தால், கடந்த ஒன்பது மாதத்துக்குள் தொற்று ஏற்பட்டதா என்று ஓரளவு சொல்லலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. சமீபத்தில் தொற்று வந்தவரிடம் உறங்கும் வடிவமும் இருக்க வாய்ப்பு அதிகம். இது ஊர் அளவிலான தடுப்புக்கான கருவி, காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல.

வைவாக்ஸ் உறுதியானதும் ஜி6பி.டி. டெஸ்ட் ஏன் கேட்கிறார்கள்?

கல்லீரலில் உறங்குவதை அழிக்கும் பிரைமாகுயின், டாஃபெனோகுயின் இரண்டும் ஜி6பி.டி. நொதி குறைந்தவருக்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். தினசரி பிரைமாகுயினுக்கு இயல்பில் 30 சதவீதமாவது நொதி வேண்டும். ஒரே வேளை டாஃபெனோகுயினுக்கு 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும், ஏனென்றால் அது உடலில் வாரக்கணக்கில் தங்கும், பாதியில் நிறுத்த வழியில்லை.

அளக்கும் நேரத்தையும் பாருங்கள். சிவப்பணு ஏராளமாக உடைந்துகொண்டிருக்கும்போது, நொதி குறைந்த பழைய அணுக்கள் முதலில் போய்விடும். மிஞ்சும் இளம் அணுக்களில் நொதி அதிகம் என்பதால், குறைபாடு உள்ளவருக்கும் முடிவு நார்மல் என்று வரலாம். ரெட்டிகுலோசைட் எனப்படும் இந்த இளம் அணுக்கள் கூடியிருக்கும் நேரத்தில் வந்த நார்மலை நம்பிவிடாமல், ரத்தம் நிலைப்பட்ட பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள். அதுவரை மலேரியாவுக்கான மற்ற மருந்தை நிறுத்தத் தேவையில்லை, பிரைமாகுயின் மட்டும் காத்திருக்கலாம்.

கடும் மலேரியா என்று சந்தேகம், புரத அளவுகள் வர நேரமாகும். காத்திருக்கலாமா?

ஒரு நிமிடமும் வேண்டாம். ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஆர்ட்டிசுனேட்டைத் தொடங்குங்கள்: 20 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் கிலோவுக்கு 2.4 மி.கி., அதற்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., முதல் ஊசிக்குப் பின் 12-ஆம் மணியிலும் 24-ஆம் மணியிலும் மறுபடி. எடுத்துவைத்த குழாயில் நேரத்தை எழுதுங்கள். மருந்துக்கு முன் எடுத்த ரத்தமா, பின் எடுத்ததா என்று தெரியாவிட்டால், பிறகு வரும் எண்களை வைத்து எதையும் சொல்ல முடியாது.